விளம்பரப் படத்தின் ஆதாயக் கணக்கு



கண்ணால் காண வேண்டிய ஒன்றைப் பற்றிக் காதுக்குச் சொல்லும்படி இந்நிலையத்தார் என்னைப் பணித்திருக்கின்றனர். வணிகர்கள் தம் சரக்கை விற்பதற்கென்று எடுத்து, முகநூலிலும் பிறவற்றிலும் உலவ விடும் சிறு விளம்பரப் படங்களைப் பற்றியது இன்றைய பேச்சு. காணொளி என்று அவற்றை இக்காலத்தார் வழங்குகின்றனர். அவற்றின் அழகைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குரிய தகுதியும் எனக்கு இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை விட்டு வெளிவந்த நாள் முதல் 34 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று இலாப நட்டக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்ற உரிமையில், ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். படத்திற்குப் போட்ட முதல் திரும்பி வந்ததா? வந்ததென்றால் எவ்வளவு வந்தது? அதை அறிவது எப்படி?

இக்கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியதன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்து மாலையில், நெய்வேலி நகரியத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். நெய்வேலியிலிருந்து பண்ருட்டி செல்லும் வழியில், முந்திரித் தோப்புகளின் நடுவே உள்ள ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளும் மற்றப் பதினொரு பெண்களும் சேர்ந்து சுய உதவிக் குழு ஒன்றை நடத்துகின்றனர். கொட்டையை வாங்கி, வறுத்து, உடைத்து, தோல் நீக்கி, பருப்பைப் பொட்டலமிட்டு விற்பது அவர்களது தொழில். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனிகள் கருத்திருந்தன. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாத கறை அது. அந்த விரல்களால் ஒரு காகிதத்தை என் முன் விரித்து வைத்தாள்.

"சார், படம் எடுத்தோம். நல்ல லாபம் என்று படம் எடுத்தவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னொரு படம் எடுக்கலாம் என்கிறார். நீங்கள் ஒரு முறை பார்த்துச் சொன்னால் தேவலை," என்றாள்.

காகிதத்தில் இருந்தவை இவை. படம் எடுக்கவும் தொகுக்கவும் 17,000 ரூபாய். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் காசு கொடுத்துப் பரப்ப 7,000 ரூபாய். ஆக 24,000 ரூபாய் செலவு. பன்னிரண்டு பெண்களும் தலைக்கு 2,000 ரூபாய் தம் சேமிப்பிலிருந்து போட்டிருந்தனர். வரவுப் பக்கத்தில், படத்தைப் பார்த்தவர் 1,12,000 பேர் என்றும், விருப்பக் குறி இட்டோர் 3,400 பேர் என்றும், அந்த ஐப்பசி மாதத்தில் விற்ற பருப்பு 104 கிலோ என்றும், கிலோ 900 ரூபாய் வீதம் 93,600 ரூபாய் வந்தது என்றும் கண்டிருந்தது. அடியில் சிவப்பு மையில், 'போட்ட பணம் ஏறக்குறைய நான்கு மடங்காகத் திரும்பியது' என்று எழுதி இரண்டு கோடுகளும் இட்டிருந்தார். அடுத்த படத்திற்கு அவர் கேட்டது 30,000 ரூபாய்.

அக்காகிதத்தில் பொய் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஒவ்வோர் எண்ணும் உண்மையே. ஆயினும் எட்டாம் வகுப்பு மாணவன் இப்படி ஒரு கணக்கைப் போட்டுக் கொண்டு வந்திருந்தால் நான் அதற்கு மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டேன்.

முதற் பிழை, விற்ற விலையை ஆதாயமாகக் கொண்டது. 900 ரூபாய்க்கு விற்ற ஒரு கிலோப் பருப்பில் கொட்டையின் விலை, விறகு, உடைகூலி, தோல் உரிக்கும் கூலி, பொட்டலம், அனுப்பும் செலவு எல்லாம் போக அவர்கள் கையில் நின்றது 140 ரூபாய்தான். விளம்பரத்தின் செலவை இந்த 140 ரூபாயிலிருந்துதான் கழிக்க வேண்டுமே ஒழிய, 900 ரூபாயிலிருந்து கழிக்கக் கூடாது. பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளில்கூட இந்தப் பிழை கோட்டும் சூட்டும் அணிந்து உலவுவதைக் கண்டிருக்கிறேன். விளம்பரச் செலவுக்கு இத்தனை மடங்கு விற்பனை என்று ஓர் அளவு வைத்திருக்கின்றனர். அதில் குற்றம் இல்லை. அதையே ஆதாயம் என்று பெயர் மாற்றிச் சொல்லும்போதுதான் குற்றம் வந்து சேர்கிறது.

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. 104 கிலோவும் படத்தால் விற்றது என்று கொள்வது எப்படி? படம் இல்லாத காலத்திலும் அவர்கள் விற்றுக்கொண்டுதானே இருந்தனர்? "போன மாதம் எவ்வளவு அம்மா விற்றீர்கள்?" என்று கேட்டேன். புரட்டாசியில் 60 கிலோ என்றாள். அப்படியானால் கூடுதலாக விற்றது 44 கிலோ. அவள் முகம் சற்றே வாடியது. ஆயினும் 44 என்பதும் நல்ல எண்தான் என்று தேறிக்கொண்டாள். அப்பொழுதுதான் நான் அவளை அடுத்த கேள்வி கேட்டேன். "ஐப்பசியில் தீபாவளி வரவில்லையா?"

நல்ல வேளையாக அவர்களிடம் முந்திய ஆண்டின் குறிப்பேடு இருந்தது. மறுநாள் கொண்டுவந்தாள். முந்திய ஆண்டுப் புரட்டாசியில் 50 கிலோ, ஐப்பசியில் 80 கிலோ. அந்த ஆண்டு படமும் இல்லை, பரப்பலும் இல்லை. தீபாவளி மட்டுமே இருந்தது. பலகாரம் செய்யும் மாதத்தில் நூற்றுக்கு அறுபது கூடுவது அவர்கள் தொழிலின் இயல்பு. அந்த வீதப்படி 60 கிலோ, படம் இல்லாமலே 96 கிலோவாகி இருக்கும். ஆகப் படத்தின் பங்கு 8 கிலோ. எட்டு நூற்று நாற்பது 1,120. போட்டது 24,000 ரூபாய்; அம்மாதத்தில் படத்தின் பேரில் வரவு வைக்கத்தக்கது 1,120 ரூபாய்.

அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்தார்களே, சார்?" என்றாள்.

இக்கேள்வியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பார்த்தவர் என்ற சொல்லை நாம் நம்முடைய பொருளில் கொள்கிறோம். முகநூல் தன்னுடைய பொருளில் கொள்கிறது. திரையரங்கில் ஒருவர் படம் பார்த்தார் என்றால் சீட்டு வாங்கி, உட்கார்ந்து, பெரும்பாலும் கடைசி வரை இருந்து பார்த்தார் என்று பொருள். முகநூலிலோ, படம் ஒருவருடைய கண்ணெதிரே மூன்று வினாடி ஓடினால் அது ஒரு பார்வை என்று கணக்கில் ஏறி வந்தது. மூன்று வினாடி என்பது எவ்வளவு? 'நாட்டு முந்திரிப் பருப்பு வாங்குங்கள்' என்று நான் மெல்லச் சொல்லி முடிக்கும் நேரம். அதற்குள் பார்ப்பவரின் கட்டைவிரல் அடுத்ததைத் தள்ளிவிட்டிருக்கக் கூடும். 2016ஆம் ஆண்டில் அந்நிறுவனமே ஒரு பிழையை ஒப்புக்கொண்டது. மக்கள் ஒரு படத்தைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கின்றனர் என்று கணக்கிடும்போது, மூன்று வினாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுச் சராசரி கண்டு, இரண்டு ஆண்டுக் காலம் விளம்பரக்காரர்களுக்குக் கூடுதலான எண்ணைக் காட்டி வந்திருந்தனர். அந்தக் கூடுதல் நூற்றுக்கு 60 முதல் 80 வரை இருந்தது என்று அவர்களிடம் விளம்பரம் வாங்குவோர் வெளியிட்டனர். தேர்வுக்கு வராத மாணவர்களை விட்டுவிட்டுத் தேர்ச்சி வீதம் கணக்கிடும் பள்ளியைப் போன்றது இது. அத்தகைய தேர்ச்சி வீதங்களைப் பற்றி என்னைப் போன்றவர்கள் அதிகம் பேசாமலிருப்பது நல்லது.

ஆகவே பார்வை என்பது வரவு அன்று. கடைத்தெருவில் கூடிய கூட்டத்திற்கும் கல்லாவில் விழுந்த காசுக்கும் உள்ள உறவுதான் இவ்விரண்டுக்கும் உள்ள உறவு.

அப்படியானால் கணக்கிடவே முடியாதா என்று கேட்கலாம். முடியும்; நம் கடலூர் மாவட்டத்திலேயே அதற்கு நல்ல சான்று உண்டு. சின்னிகிருஷ்ணன் என்பவர் கடலூரில் சிறு உறைகளில் பொருள்களை அடைத்து விற்கும் வழியை முயன்று பார்த்தவர். ஏழைக்கும் எட்டும் விலையில் பொருள் கிடைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவருடைய புதல்வர் சி. கே. ரங்கநாதன், குடும்பத் தொழிலை விட்டு வெளிவந்து, 15,000 ரூபாய் முதலுடன் 1983இல் தனியே தொழில் தொடங்கினார். தந்தையின் பெயரைச் சுருக்கித் தம் ஷாம்புக்குச் 'சிக்' என்று பெயரிட்டார். இன்று கெவின்கேர் என்று அறியப்படும் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான்.

சீயக்காயும் அரப்பும் புழங்கிய சிற்றூர்களில் ஷாம்பை விற்பது எப்படி? அவர்கள் ஊர் ஊராகச் சென்றனர். ஒரு சிறுவனை அழைத்து, அவன் தலையில் ஷாம்பைத் தேய்த்துக் குளிப்பாட்டி, கூடியிருந்தவர்களை அவன் மயிரைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். அடுத்து, ரஜினிகாந்த் நடித்த திரைப்படங்களை ஊரில் திரையிட்டு, இடையிடையே தம் விளம்பரப் படத்தைக் காட்டினர். ஆட்டம் முடிந்ததும் ஷாம்பு உறைகளை இலவசமாக வழங்கினர். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் விற்பனை மூன்று நான்கு மடங்கு ஏறியது என்று ரங்கநாதன் பின்னாளில் ஒரு நேர்காணலில் கூறியிருக்கிறார்.

இவ்வாக்கியத்தில் நான் பெரிதாக மதிப்பது மூன்று நான்கு மடங்கு என்ற எண்ணை அன்று. 'ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும்' என்ற தொடரை. இன்ன ஊரில் இன்ன இரவு படம் காட்டினோம், அதற்கு முன் அவ்வூர்க் கடைகளில் எவ்வளவு போயிற்று, பின் எவ்வளவு போயிற்று என்று ஒப்பிட்டால்தான் அப்படிச் சொல்ல இயலும். இடமும் நாளும் தெரிந்த படம் அது. கைப்பேசிப் படத்திற்கு ஊரும் இல்லை, இரவும் இல்லை. அதனால்தான் அதன் கணக்கு வழுக்கிக்கொண்டு போகிறது.

ஆனால் ஆசிரியப் புத்தி சும்மா இருப்பதில்லை. விற்பனையை ஏற்றியது எது? விளம்பரப் படமா, சிறுவனின் தலையா, கையில் கொடுத்த இலவச உறையா? மூன்றும் ஒரே இரவில் நடந்தன. ஓர் ஊரில் படம் மட்டும், மற்றோர் ஊரில் உறை மட்டும் என்று பிரித்துச் செய்திருந்தாலன்றி இதற்கு விடை கிடையாது. முகர்ந்து பார்த்த மூக்குக்குத்தான் நான் பெரும் பங்கு கொடுப்பேன்.

அவர்களது வேறோர் ஏற்பாடு கணக்கிடுவோர்க்கு இன்னும் வாய்ப்பானது. எந்த ஷாம்பின் வெற்று உறையாயினும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்று அறிவித்தனர். பிறகு, சிக்கின் வெற்று உறைக்கு மட்டுமே என்று மாற்றினர். இத்திட்டத்தால் மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சம் ரூபாயாக உயர்ந்தது என்பது ரங்கநாதனே சொன்ன செய்தி. இங்கே ஊகத்திற்கு இடம் குறைவு. திரும்பி வந்த ஒவ்வொரு வெற்று உறையும் ஒரு சாட்சி. அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பரக்காரர் 1923இல் வெளியிட்ட 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற சிறு நூலில் வற்புறுத்தியதும் இதுவே. செய்தித்தாள் விளம்பரத்தில் வெட்டி அனுப்பும் சீட்டு ஒன்றை வைத்து, எந்த விளம்பரத்தின் சீட்டு எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணி, நல்லதை வைத்துக்கொண்டு அல்லதைத் தள்ளினார் அவர். ஹாப்கின்ஸின் சீட்டு, கடலூரின் வெற்று உறை, நம் பெண்களின் படத்தில் கண்ட கைப்பேசி எண் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்த எண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்லா ஆதாயத்தையும் ரூபாயில் எண்ண வேண்டும் என்பதும் இல்லை. 1976இல் குஜராத்துப் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்து ஒரு திரைப்படம் எடுக்க வைத்தனர். ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' என்ற படம் அது. கடைதல் என்பது அச்சொல்லின் பொருள். பத்து லட்சம் ரூபாய் முதலீடு. பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்று ஒரு சிற்றூரில் எத்தனை எதிர்ப்புக்கு நடுவே உருவாகிறது என்பது கதை. வர்கீஸ் குரியன் அப்படத்தின் பிரதிகளைச் சங்கம் இல்லாத ஊர்களுக்கு அனுப்பினார். படப்பெட்டி தனியே போகவில்லை. ஒரு கால்நடை மருத்துவரும், பால் தொழில் அறிந்தவர் ஒருவரும், தீவன வல்லுநர் ஒருவரும் உடன் சென்றனர். படம் பார்த்து முடித்தவுடன், 'எங்கள் ஊரிலும் தொடங்கலாமா' என்று கேட்பவனுக்கு அங்கேயே விடை சொல்ல ஆள் இருந்தது. அந்தப் படத்தின் ஆதாயத்தைச் சீட்டு விற்ற தொகையில் மட்டும் தேடினால் கணக்குப் பாதியிலேயே நின்றுவிடும். புதிதாகத் தோன்றிய சங்கங்களிலும் தேட வேண்டும். எதை எண்ணப் போகிறோம் என்று படம் எடுப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பெண்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்கு அவர்களை நோவானேன்? படம் எடுத்தவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அவர் ஒரு நாள் என்னைக் காண வந்தார். இளைஞர், மரியாதை தெரிந்தவர். என் கணக்கைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, ஒரு மாதத்தில் பலனை எதிர்பார்க்கலாமா? உங்கள் நெய்வேலிச் சுரங்கம் ஒரு மாதத்திலா பலன் கொடுத்தது?" என்றார்.

என் தந்தையார் அச்சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆகவே இக்கேள்வி என்னைச் சற்று மடக்கத்தான் செய்தது. 1957 மே 20ஆம் நாள் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது 1961 ஆகஸ்டு மாதத்தில். இடையில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வெறும் மண்ணை வெட்டிக் கொட்டினார்கள். அடியிலிருந்து பீறிடும் நீரை இரவு பகலாக இறைத்தார்கள். மின்சாரம் பிறந்தது 1962இல். முதல் மாதத்திலேயே வரவு செலவு பார்த்து மூடியிருந்தால் நெய்வேலி ஏது, நான் ஏது?

இளைஞர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். மண்ணை வெட்டத் தொடங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்பே அங்கே துளையிட்டுப் பார்த்துவிட்டார்கள். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழுப்புப் பொருளில் தொடங்கி, புவியியல் துறையினர் இட்ட துளைகள் வரை, அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கண்ட பிறகே கோடிக்கணக்கான ரூபாயைப் போட்டார்கள். காத்திருப்பது வேறு, துளையிட்டுப் பாராமல் காத்திருப்பது வேறு. இதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு, "அப்படியானால் ஓராண்டு துளையிட்டுப் பாருங்கள்," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த படத்திற்கான பணத்தை அவர் மீண்டும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓராண்டு பார்த்தோம். இங்கேதான் அந்தக் கைப்பேசி எண் துணைக்கு வந்தது. பொட்டலங்களில் அச்சிட்டிருந்தது குழுத் தலைவியின் பழைய எண். படம் எடுத்த நாளில் அந்தக் கைப்பேசி பழுதாகிக் கிடந்ததால், புதிதாக வாங்கிய வேறோர் எண்ணைப் படத்தில் போட்டிருந்தனர். தற்செயலாக நேர்ந்ததுதான், ஆயினும் ஹாப்கின்ஸ் இருந்திருந்தால் அவர்களைத் தட்டிக் கொடுத்திருப்பார். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பெல்லாம் படத்தின் வழியாக வருவது. அதற்கெனத் தனிக் குறிப்பேடு ஒன்று போட்டுக் கொடுத்தேன். தேதி, ஊர், எத்தனை கிலோ, முன்பு வாங்கியவரா புதியவரா என்ற நான்கு கட்டங்கள். என் மாணவி பள்ளிக்கூடத்தில் எழுதியதைக் காட்டிலும் அழகாக எழுதினாள்.

ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தபோது அந்த எண்ணின் வழி விற்றது 212 கிலோ. அதில் 92 கிலோ சில்லறையாகப் போனது. கிலோவுக்கு 140 வீதம் 12,880 ரூபாய் ஆதாயம். மீதி 120 கிலோவையும் புதுச்சேரியில் உள்ள ஓர் இனிப்புக் கடைக்காரர் மாதம் பத்துக் கிலோவாக வாங்கினார். மொத்தமாக வாங்குபவருக்கு விலை குறைத்துக் கொடுத்ததால் அதில் கிலோவுக்கு 110 ரூபாய்தான் நின்றது, 13,200 ரூபாய். இரண்டும் சேர்ந்து 26,080. முதல் 24,000 போக 2,080 ரூபாய் இலாபம். நூற்றுக்கு எட்டு ரூபாய் அறுபத்தேழு காசு.

பெண்கள் மகிழ்ந்தனர். ஒருத்தி எனக்குத் தேநீரோடு ஒரு பிடி வறுத்த பருப்பும் கொண்டு வந்து வைத்தாள். அதைத் தின்றுகொண்டே அடுத்த கணக்கைச் சொல்வது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அக்குழுவில் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அந்த 24,000 ரூபாயைப் படத்தில் போடாமல் தமக்குள் கடனாகவே விட்டிருந்தால் ஆண்டுக்கு 2,880 ரூபாய் வந்திருக்கும். படம் கொடுத்தது அதைவிட 800 ரூபாய் குறைவு. போட்ட பணம் வேறு எங்கே இருந்திருந்தால் என்ன ஈட்டியிருக்கும் என்பதைப் பக்கத்தில் எழுதாத ஆதாயக் கணக்கு அரைக் கணக்கே.

போகட்டும், இரண்டாம் ஆண்டில் படம் எடுக்கும் செலவு இல்லை, கடைக்காரர் தொடர்ந்து வாங்குகிறார், ஆகவே இனி வருவதெல்லாம் இலாபந்தானே என்று என் மாணவி கேட்டாள். சரியான கேள்வி. விடை அந்தக் கடைக்காரரைப் பொறுத்தது. அவர் இல்லாவிட்டால் முதல் ஆண்டுக் கணக்கே 11,120 ரூபாய் நட்டம். ஒரே ஆளின் தோளில் படத்தின் பெருமை முழுவதும் உட்கார்ந்திருந்தது. எனவே அவர் எப்படி வந்தார் என்று கேட்டுவரச் சொன்னேன்.

அவர் சொன்ன விடை என் குறிப்பேட்டைக் கவிழ்த்துவிட்டது. அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லையாம்! நெய்வேலி நகரியத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்தபோது, அங்கே கிண்ணத்தில் வைத்திருந்த பருப்பைத் தின்று பார்த்திருக்கிறார். நன்றாக இருக்கவே எங்கே வாங்கியது என்று விசாரித்திருக்கிறார். பொட்டலத்தை என்றோ எறிந்துவிட்டார்கள். தங்கை மகன் தன் கைப்பேசியில் குழுவின் பெயரைத் தேட, அந்தப் படம் வந்திருக்கிறது. அதிலிருந்து எண்ணை எடுத்து மாமனுக்குக் கொடுத்திருக்கிறான்.

இந்த 13,200 ரூபாயை யார் கணக்கில் எழுதுவது? ஆளைப் பிடித்தது பருப்பு. விலாசம் சொன்னது படம். படம் இல்லாவிட்டால் அவர் வந்தே இருக்க மாட்டார் என்று என் மாணவி வாதிட்டாள். 24,000 ரூபாய்ப் படம் செய்த வேலையை ஒரு வழிகாட்டிப் பலகை செய்திருக்குமே என்று குழுவின் மூத்த அம்மையார் ஒருவர் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவர் அல்லர். அன்று கூட்டம் முடிய இரவு எட்டு மணி ஆயிற்று. முடிவு ஒன்றும் ஏற்படவில்லை. பிறகு நானே ஒரு சமாதானம் செய்தேன். பாதியைப் படத்திற்கும் பாதியைப் பருப்புக்கும் எழுதினோம். இது நீதியா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வேறு வழி தோன்றவில்லை. அப்படி எழுதினால் முதல் ஆண்டில் படம் 4,520 ரூபாய் நட்டம்.

இதே சிக்கல் மிகப் பெரிய வணிகர்களுக்கும் உண்டு. அமெரிக்க நாட்டு ஈபே நிறுவனம் கூகுள் போன்ற தேடுதளங்களில் விளம்பரத்திற்குப் பெருந்தொகை கொடுத்து வந்தது. விளம்பரத்தை அழுத்தி வந்தவர்கள் நிறைய வாங்கினர். ஆகவே விளம்பரம் பலன் தருகிறது என்று கணக்குக் காட்டியது. அங்கே பணி புரிந்த பொருளியல் அறிஞர்கள் சிலர் 2012இல் ஒரு காரியம் செய்தனர். நாட்டின் சில பகுதிகளில் மட்டும் விளம்பரத்தை நிறுத்தி, ஏனைய பகுதிகளில் தொடரவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டனர். நிறுத்திய இடங்களில் விற்பனை ஏறத்தாழக் குறையவே இல்லை. விளம்பரத்தை அழுத்தி வந்தவர்களில் பெரும்பாலோர், அது இல்லாவிட்டாலும் வேறு வழியில் வந்திருக்கக் கூடியவர்களே. 2015இல் இந்த ஆய்வு 'எக்கனாமெட்ரிக்கா' இதழில் வெளிவந்தது. வயலில் பாதிக்கு உரமிட்டுப் பாதியை விட்டுப் பார்க்கும் உழவனின் முறைதான் இது.

அம்முறையையே எங்கள் பன்னிரண்டு பேரும் இப்பொழுது பின்பற்றுகின்றனர். குழுவில் ஒருவரின் மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். தன் கைப்பேசியிலேயே ஒரு நிமிடப் படம் ஒன்றை எடுத்துத் தந்தாள். அலங்காரம் இல்லை, ஓட்டை உடைப்பதும், தோல் உரிப்பதும், அந்தக் கருத்த விரல்களுமே படம். எடுத்த செலவு ஏதும் இல்லை. பரப்புவதற்கு மாதம் 1,000 ரூபாய் வீதம் மூன்று மாதத்திற்கு 3,000 ரூபாய் ஒதுக்கினோம். அதை விருத்தாசலத்தைச் சுற்றி உள்ளவர்களுக்கு மட்டும் காட்டுவது, சிதம்பரம் பக்கத்தில் காட்டுவதில்லை என்று ஏற்பாடு. இரண்டு ஊர்களிலும் அவர்களுக்கு வாடிக்கையாளர் உண்டு. தீபாவளியும் பொங்கலும் வராத மாதங்களாகப் பார்த்துத் தேர்ந்தோம். தொடங்குவதற்கு முன், மாதத்திற்கு எட்டுக் கிலோவாவது கூடினால்தான் செலவு கட்டும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணைக் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதி, பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டனர். பின்னால் மனம் மாறி எண்ணைக் குறைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக இந்தக் கையெழுத்து. நானும் சாட்சிக் கையெழுத்திட்டேன்.

அதற்கு முந்திய மூன்று மாதங்களில் விருத்தாசலம் பக்கத்தில் மாதச் சராசரி 14 கிலோ, சிதம்பரம் பக்கத்தில் 12 கிலோ. படம் ஓடத் தொடங்கிய முதல் மாதத்தில் விருத்தாசலம் 19, சிதம்பரம் 14. இரண்டாம் மாதத்தில் விருத்தாசலம் 18, சிதம்பரம் 12. படம் காட்டாத ஊரிலும் சற்றே கூடியிருப்பதைக் கழித்துவிட்டால், படத்தின் பங்கு மாதத்திற்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல்; ஆதாயம் 500 ரூபாய்க்குள். செலவு 1,000 ரூபாய். மூன்றாம் மாதத்தில் இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. விருத்தாசலத்துத் திருமண மண்டபம் ஒன்றில் சமையல் பொறுப்பேற்றிருக்கும் ஒருவர் நேற்று முன்தினம் தொலைபேசியில் அழைத்து விலை கேட்டிருக்கிறார். படம் பார்த்தீரா, வேறு எவரேனும் சொன்னார்களா என்பதை இந்த முறை முதல் பேச்சிலேயே என் மாணவி கேட்டுவிட்டாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திற்குக் குறிப்பேட்டைக் கொண்டு வருகிறாள்.